நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு

கண்புரை வெட்டுவதற்கு முன்
நெஞ்சைப் படம் பிடித்துப் பார்க்கச் சொல்லி
துண்டு எழுதி அனுப்பியிருந்தார்கள்.
பத்தினியன் அழகிப்போடி, வயது எழுபத்தொன்று,
மாதவணைப் பட்டிக்காரர்.
சேட்டைக் கழற்றியதும்
சாணமும் புகையும் அறைக்குள் வந்து
டெற்றோல் மணத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தன.

நெஞ்சில் ஆறு கிண்ணங்களை ஒட்டினேன்.
"ஆறு இடத்தில குறி வைக்கிறீங்க புள்ள,
எங்கட மாட்டுக்கு ஒண்டுதான்" என்றார்.
அசையாமல் படுங்கள் என்றேன்.
மாடு அசையாமல் படுக்குமா என்று
அசையாமல் படுத்தபடி கேட்டார்.

நாற்பத்து நான்கு.
இயந்திரம் தானாகவே தாளின் தலையில்
வழமைக்கு மாறானது என்று அடித்தது.
நம்பாமல் மணிக்கட்டைப் பிடித்தேன்.
ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில்
ஓர் எருமை நின்று
திரும்பிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

என்ன சாப்பிடுவீர்கள்?
"காலம்பற பால். பகலைக்குத் தயிரும் சோறும்."
இரவைக்கு?
"சோறும் தயிரும்."
நடப்பீர்களா?
அதற்கு மட்டும் சிரித்தார்.

அன்று இரவுக் கடமை.
இரண்டு மணிக்குப் பிறகு யாரும் வரவில்லை.
கைபேசியில் மசாய்க்காரரைப் பற்றிப் படித்தேன்.
பாலும் இறைச்சியும், சில நாள் மாட்டின் இரத்தமும்,
ஆனாலும் நெஞ்சு வலித்து விழுந்தவர் அரிது.
முன்னொரு காலம் யாரோ
இறந்தவர் ஐம்பது பேரின் நெஞ்சைத் திறந்தார்களாம்,
உள்ளே சுத்தமாக இருக்குமென்று நம்பி.
சுத்தமாக இல்லை.
எல்லோருக்கும் போலக் கொழுப்புப் படிந்துதான் இருந்தது.
குழாய்கள்தான் அகன்றிருந்தன.
நடந்து நடந்து அகன்றதா,
பிறப்பிலேயே அப்படியா, பாலில் ஏதும் உண்டா,
தெரியாது என்று சொல்லிவிட்டு
கட்டுரை எழுந்து போய்விட்டது.

என் கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்திரண்டு.
பாலில்லாத தேநீர், தோல் உரித்த கோழி,
கல்லடியிலிருந்து ஆட்டோ,
பதினேழு வருடம் இதே கதிரை.
மற்றவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

டொக்டர் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.
கண் பிறகு பார்ப்பம். நவம்பர் ஒன்பது,
இருபத்துநாலு மணித்தியாலம் மெசின் கட்டிப் பார்த்துத்தான் முடிவு.

"அதுக்குள்ள கீழ வயல் விதைச்சிருவாங்க.
மாட்ட மேல ஏத்தணும் புள்ள.
மேலயும் சோளன் போட்டு வழிய அடைச்சிற்றாங்க,
கிறுகிப் போக ஏழு கட்டை."
எனக்குச் சொன்னாரா, சட்டைப் பொத்தானுக்கா,
தெரியவில்லை. அதைத் தடவித் தடவித்தான் பூட்டினார்.

போகும்போது தாளைக் கேட்டார்.
தெளிவான கண்ணருகே பிடித்து
"இது ஆர்ர குறி?"
உங்களுடையது.
"எங்கட குடிக்கு இப்பிடி இல்ல" என்று
மேசை ரெக்சினில் நகத்தால் கீறிக் காட்டினார்,
ஒரு வளைவு, அதன் கீழே ஒரு கோடு.
மிஞ்சிய துண்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
மருந்துச் சீட்டு வைக்கும் பையில் வைக்கவில்லை,
வெற்றிலைப் பையில் வைத்தார்.

நவம்பர் ஒன்பது மழை.
மருமகன் ஜெயசீலன்தான் வந்தான்.
முழங்கால் வரை சேறு, கையில் ஒரு முட்டித் தயிர்.
ரெண்டு எருமை சோளனுக்குள்ள போய்ற்று,
மாமா தேடிப் போய் மூணு நாள், என்றான்.
ஃபோன் எடுபடாதாம் அங்கே.
கண் தெரியாதே என்றேன்.
"மாட்டுக்குத் தெரியும்" என்றான்,
அதிலும் ஒரு பயம் இருந்தது.

மேசையில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.
முட்டி அதன் மேல் வியர்த்துக்கொண்டு நின்றது.
கரண்டி தேடினேன், இல்லை.
விரலால் எடுத்தேன், ஆடையோடு.

பின்னேரம் பதிவேட்டில்
அவர் பெயருக்கு நேரே
வரவில்லை என்று எழுதினேன்.
பிறகு அதை வெட்டிவிட்டு
நடக்கிறார் என்று எழுதினேன்.